டிரைவர் இல்லை என்று சொன்னவன்

"லினக்ஸ்ல இதுக்கு டிரைவர் இல்லைங்க."

இந்த வரியை ஊருக்குள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வைஃபை வரவில்லை என்று வந்தவர்களிடம், பிரிண்டர் அடிக்கவில்லை என்று வந்தவர்களிடம், ஹெட்போனில் சத்தமே கேட்கவில்லை என்று வந்த ஒரு தமிழாசிரியரிடம்கூட. சொன்னதில் முக்கால்வாசி தப்பு. தெரிந்தே சொன்ன பொய்கள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் உண்மையா பொய்யா என்று பார்க்காமலே சொன்னவை. தெரிந்து பொய் சொல்கிறவனுக்காவது உண்மை இன்னதென்று தெரிந்திருக்கும். எனக்கு அதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அரை நிமிஷம் போதும், அந்த அரை நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

நான் கணினித் துறைக்காரன் இல்லை. திண்டிவனத்தில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஆர்வத்தில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கேட்டாலும் காசு வாங்காமல் போட்டுக் கொடுப்பேன். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்தை அடித்தளமாக வைத்து சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது அது. பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த சிலர் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். அப்படித்தான் எனக்கு 'லினக்ஸ் அண்ணா' என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் விதை அதுதான்.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கினால்தான் என் குற்றம் புரியும். கணினிக்குள் இருக்கும் வைஃபை கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, வெளியிலிருந்து செருகும் பிரிண்டர் எல்லாமே இரண்டு எண்களைச் சுமந்துகொண்டு வருகின்றன. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று மாடலுக்கு. இன்டெல்லின் கம்பெனி எண் 8086. 1978-இல் வந்து அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சிப்பின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டுகளில் 1002 என்று இருக்கும். அது 2006-இல் அவர்கள் வாங்கிய ஏடிஐ கம்பெனியோடு வந்த எண். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த எண்களைப் படித்து ஒரே நீள வரியாகக் கோத்து வெளியே அறிவிக்கும். யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, ஏற்றும் வேலையைத் தொடங்கும். எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்ற பட்டியல் ஒன்று கெர்னலோடு வருகிறது. அதைப் பார்த்து உரிய டிரைவரை ஏற்றிவிடும். இதே வேலையைக் கையால் செய்ய மோட்புரோப் என்ற கட்டளை இருக்கிறது. சில கார்டுகளுக்கு இதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிரைவர் ஏறியதும், கார்டுக்குள் ஓட வேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பை டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் கார்டு கண் திறக்கும்.

ஆக, 'கண்டுபிடிக்கவில்லை' என்று நாம் சொல்லும் நோய் பல இடங்களில் வரலாம். கேபிளோ போர்ட்டோ கெட்டுப்போய் எண்ணே கெர்னலுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். எண் சேர்ந்து, பட்டியலில் அதற்கு டிரைவர் இல்லாமல் போகலாம். டிரைவர் இருந்தும் ஏதோ ஒன்று அதை ஏறவிடாமல் தடுக்கலாம். ஏறியும் ஃபர்ம்வேர் கிடைக்காமல் நிற்கலாம். எல்லாம் சரியாக நடந்தும் யாரோ சுவிட்சை அணைத்து வைத்திருக்கலாம். வெளியே நின்று பார்க்கிற மாணவனுக்கு எல்லாம் ஒன்றுதான், வைஃபை வரவில்லை. அது நியாயம். லினக்ஸ் அண்ணாவுக்கும் எல்லாம் ஒன்றாகவே இருந்ததுதான் அநியாயம். மேலே சொன்னவற்றில் ஒரே ஒரு நிலைக்குத்தான் 'டிரைவர் இல்லை' என்று பேர். நான் எல்லாவற்றுக்கும் அதையே வைத்தேன்.

இத்தனையையும் பிரித்துக் காட்டுவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். எல்எஸ்பிசிஐ என்று அடித்து, கூடவே மைனஸ் கே போட்டால், ஒவ்வொரு கார்டுக்கும் கீழே இரண்டு வரிகள் வரும். இதற்குரிய டிரைவர் எது என்பது ஒரு வரி, இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் டிரைவர் எது என்பது இன்னொரு வரி. முதல் வரி இருந்து இரண்டாவது காணவில்லை என்றால், டிரைவர் வீட்டில்தான் இருக்கிறது, வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். டிமெசேஜ் என்று அடித்தால் கெர்னல் பூட் ஆனதிலிருந்து புலம்பிய புலம்பல் முழுக்க வரும். ஃபர்ம்வேர் கிடைக்காத கார்டாக இருந்தால் கோப்பின் பெயரையே சொல்லி, எரர் மைனஸ் 2 என்று முடித்திருக்கும். மைனஸ் 2 என்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள். இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரம் என்ன சொல்ல முடியும்? இந்தக் கட்டளைகள் எனக்குத் தெரியாதவை இல்லை. லினக்ஸ் ஆர்வலர் கூட்டங்களில் மற்றவர்களுக்குச் சொல்லியே கொடுத்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிறுத்தி நிதானமாகப் படிப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தால் நோயாளிக்குப் பயம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மளமளவென்று எதையாவது அடித்தால்தான் விஷயம் தெரிந்தவன்.

அப்படி மளமளவென்று அடித்ததற்கு முதல் பலி, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். அவன் அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவனுடையது அரசு லேப்டாப் இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் ஊர்கிறது என்று உபுண்டு என்ற லினக்ஸ் போடச் சொன்னான். போட்டேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. அந்தக் கார்டுக்கு எல்எஸ்பிசிஐ டிரைவரைக் காட்டியதா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்க்கவே இல்லை. எங்கிருந்தோ ஒரு மூலநிரலை இறக்கி கம்பைல் செய்தேன். பிழை வந்தது. இன்னொன்றை இறக்கினேன். அது ஏறியது, ஆனால் வைஃபை வரவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த அம்மா இரண்டாவது முறையாகக் காபி கொண்டுவந்து வைத்தார். "என்ன தம்பி, ஆவுமா?" என்றார். "இந்தக் கார்டுக்கு லினக்ஸ்ல டிரைவர் இல்லக்கா. ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கிட்டா முடிஞ்சிடும்" என்றேன். மறுவாரம் வாங்கிவிட்டார்கள். லேப்டாப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அடாப்டரைப் பையன் மூன்று வருஷம் பத்திரமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

உண்மையில் என்ன நடந்திருந்தது என்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்னான். கல்லூரியில் வேறொரு பையன் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடிக்கச் சொல்லியிருக்கிறான். ரேடியோ அலை அனுப்பும் எந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் என்று இரண்டு இருக்கும். முதலாவது மென்பொருள் போட்ட பூட்டு, கட்டளை கொடுத்தால் திறந்துவிடும். இரண்டாவது உடம்பிலேயே இருக்கும் சுவிட்சின் பூட்டு. அவன் லேப்டாப்பில் ஹார்ட் பிளாக் 'ஆம்' என்று இருந்தது. அந்த மாடலிலோ வைஃபைக்குத் தனி சுவிட்சே கிடையாது. லேப்டாப் கம்பெனிகளின் விசேஷப் பொத்தான்களைக் கவனிக்க என்றே கெர்னலில் சில டிரைவர்கள் உண்டு. சில மாடல்களில் அவை இல்லாத சுவிட்சைப் போய்ப் படித்து, அது அணைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிடும். அந்தப் பொத்தான் டிரைவரை ஏற்றாதே என்று ஒரு வரி எழுதி வைத்ததும் உள்ளே இருந்த கார்டு வந்துவிட்டது. கார்டின் சொந்த டிரைவர் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. நான் இறக்கி ஏற்றியதெல்லாம் அதற்கு மேல் போட்ட குப்பை.

பையன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "அண்ணா, ஒரு சூப்பர் விஷயம் கண்டுபிடிச்சேன்" என்றுதான் ஆரம்பித்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, புது கெர்னல்ல சரி பண்ணியிருப்பாங்க" என்றேன். அப்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது. வாயில் வந்தது.

ஃபர்ம்வேர் விஷயத்தில் இதைவிடக் கேவலமாக நடந்துகொண்டேன். அங்கே என் அறியாமைக்குக் கொள்கை என்று சட்டை மாட்டிவிட்டேன்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஆரம்பத்திலேயே ஒரு டிரைவர் சண்டை இருக்கிறது. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் பயனாளர்களுக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதற்கு மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டபோது, தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். 1983-இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ஸ்டால்மனின் மனசில் அந்த மறுப்பு இருந்தது. இந்தக் கதையைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவேன். சொல்லும்போது குரல் தானாக உயரும்.

அந்தக் கொள்கையை உண்மையாகவே கடைப்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூலநிரல் தராத, மூடிய ஃபர்ம்வேர் ஒரு துண்டுகூட இல்லாமல் சுத்தம் செய்த லினக்ஸ்-லிப்ரே என்ற கெர்னல் இருக்கிறது, டிரிஸ்குவல் போன்ற வினியோகங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அவர்கள் அதற்கு ஒத்துவரும் கார்டைத் தேடி வாங்குகிறார்கள். டெபியனும் ரொம்ப காலம் மூடிய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. வைஃபையை மட்டும் நம்பியிருக்கும் லேப்டாப்பில் அதைப் போட உட்கார்ந்தால், நெட் வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் நெட் வேண்டும். 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவை மாற்றினார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் கூடவே வர ஆரம்பித்தது.

அதற்கு முந்தைய காலத்தில் என்னிடம் டெபியன் போட வந்தவர்களிடம், "இந்தக் கார்டுக்கு மூடின ஃபர்ம்வேர்தான் இருக்கு, அதை நான் போடறதில்லை, கொள்கை" என்று சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். இதைச் சொன்ன ஆளின் வீட்டில் இருந்த லேப்டாப்பில் அதே ஜாதி ஃபர்ம்வேர் ஓடிக்கொண்டிருந்தது. போடாததற்குக் காரணம், எந்தப் பொதியில் அந்தக் கோப்பு இருக்கிறது என்று எனக்குச் சட்டென்று தெரியாது. தேட நெட் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால், அது கம்பி வழி நெட்வொர்க் கார்டு போலவே வந்து நிற்கும், ஒரு ஃபர்ம்வேரும் கேட்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஃபோன் எல்லார் சட்டைப் பையிலும் இருந்தது. 'தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கூடாது' என்று சொன்னேன். ஸ்டால்மன் மேல் எத்தனை விமர்சனம் இருந்தாலும், அந்தக் கதையை இப்படி ஒளிந்துகொள்ளும் இடமாக ஆக்கியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

கம்பெனியைத் திட்டுவது இன்னொரு சௌகரியம். 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸுக்கு ஒத்துழைக்கவில்லை என்று என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டிய காணொலியை நாங்கள் எத்தனை முறை போட்டுப் பார்த்துச் சிரித்திருப்போம்! அவருக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருந்தது, வருஷக் கணக்கில் அந்த வேலையைப் பார்த்தவர். என்விடியா தன் கெர்னல் பகுதிகளின் மூலநிரலைத் திறந்துவிட 2022 ஆனது. ஆனால் அவர் கோபத்தை நான் இரவல் வாங்கி, நான் படிக்காத ஒவ்வொரு எரருக்கும் செலவழித்தேன். கையொப்பமில்லாத டிரைவரை ஏற்காத செக்யூர் பூட் தடுத்ததால் டிரைவர் ஏறாமல், சாவி நிராகரிக்கப்பட்டது என்று திரையில் எழுதியே காட்டிய ஒரு மெஷின் முன்னாலிருந்துகூட, "கம்பெனிக்காரன் சப்போர்ட் தரலை" என்று சொல்லி எழுந்து வந்திருக்கிறேன்.

இனி ஜெராக்ஸ் கடை. இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், என் பேச்சை நம்பி லினக்ஸுக்கு மாறினார். வைரஸ் தொல்லைதான் காரணம். வருகிறவர்கள் எல்லாரும் பென் டிரைவைச் செருகுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஃபார்மேட். நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். அப்போது அவரிடம் இருந்தது ஒரு இங்க்ஜெட். அதில் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. பாதி பக்கம் அடித்துவிட்டு நின்றுவிடும். தேடிப் பார்த்ததில் யூஎஸ்பிஎல்பி என்ற கெர்னல் டிரைவரை ஏறவிடாமல் தடுத்தால் சரியாகும் என்று கிடைத்தது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ், பிரிண்டரோடு யூஎஸ்பி வழியாகத் தானே நேரடியாகப் பேசிக்கொள்ளும். குறுக்கே இந்த டிரைவர் உட்கார்ந்துகொண்டால் சில சமயம் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒரு கோப்பில் 'பிளாக்லிஸ்ட் யூஎஸ்பிஎல்பி' என்று எழுதிப் போட்டேன். இங்க்ஜெட் ஓடியது. டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஜூன் மாசம், அட்மிஷன் நேரம். அண்ணன் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் வாங்கினார். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்கள், மேலே தாள் வெளியே வந்து விழும், கார்ட்ரிட்ஜை நூற்றுக்கணக்கான தடவை ரீஃபில் பண்ணி ஓட்டுவார்கள். அந்த வகைப் பிரிண்டருக்குச் சொந்த மூளை குறைவு. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக ஆக்கும் வேலை முழுக்கக் கணினியில் நடக்க வேண்டும். அதனால் கம்பெனி கொடுக்கும் தனி டிரைவரும், பின்னணியில் ஓடும் ஒரு நிரலும் வேண்டும். அந்த நிரல் பிரிண்டரை டெவ் ஃபோல்டருக்குள் எல்பி0 என்ற பெயரில் தேடும். எல்பி0 என்ற அந்தக் கோப்பை உண்டாக்குவது யார்? யூஎஸ்பிஎல்பி. நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசலிலேயே நிறுத்தி வைத்த அதே டிரைவர்.

எனக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததைக்கூடக் குற்றம் என்று சொல்லமாட்டேன். எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தேன், பிரிண்டரின் பெயர் பளிச்சென்று வந்தது. கேபிள் சரி, போர்ட் சரி, எண் கெர்னலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எல்பி0 மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: எண் வந்தும் டிரைவர் ஏன் ஏறவில்லை? சூடோ மோட்புரோப் யூஎஸ்பிஎல்பி என்று கையால் அடித்திருந்தால் போதும். பிளாக்லிஸ்ட் தானாக ஏறுவதைத்தான் தடுக்கும்; பேர் சொல்லிக் கூப்பிட்டால் டிரைவர் வந்துவிடும். எல்பி0 அங்கேயே முளைத்திருக்கும், குட்டும் உடைந்திருக்கும். கேட்கவில்லை. கம்பெனி டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். 32 பிட் நூலகங்களை ஏற்றினேன். வேறு போர்ட்டில் செருகினேன். ரீஸ்டார்ட் செய்தேன். கடை வாசலில் மார்க் ஷீட்டும் டிசியுமாக ஜனங்கள் நிற்கிறார்கள். ஒருத்தர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா, பதினொரு மணிக்குள்ள குடுக்கணும்" என்கிறார். அண்ணன் அவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கம்ப்யூட்டரு பிரிண்டரக் கண்டுக்கவே மாட்டேங்குது?" என்றார்.

"இந்த மாடலுக்கு லினக்ஸ்ல ஒழுங்கான டிரைவர் இல்லண்ணே. கம்பெனிக்காரனுங்க விண்டோஸுக்கு மட்டும்தான் பாத்துப் பாத்துச் செய்வானுங்க. இதக் குடுத்துட்டு வேற வாங்கிடுங்க."

அந்த வாரமே விற்றுவிட்டார், வாங்கின கடையில் திருப்பி எடுக்கவில்லை என்று தெரிந்தவர் ஒருவருக்கு. மாசக் கடைசியில் புதுக் கணினி வாங்கி, விண்டோஸ் போட்டுக்கொண்டார். அதற்காக என்னைக் கூப்பிடவில்லை. பழைய சிபியூவை, "நீ வச்சிக்க தம்பி, எதுக்காவது ஆவும்" என்று கொடுத்துவிட்டார். அதையும் வெட்கமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு எங்கள் உரக்கடைக்கு அதே மாடல் பிரிண்டர் வந்தது. முதலாளி வாங்கியது, நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். செருகினேன், கம்பெனி டிரைவரைப் போட்டேன், எல்பி0 இருந்தது, பில் அடித்தது. என் நெஞ்சில் ஏதோ இடித்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அண்ணன் கொடுத்த சிபியூவை மாட்டி, இரண்டு மெஷினுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல்முறையாக வரிசையாகப் பார்த்தேன். மோட்புரோப்.டி ஃபோல்டருக்குள் 'பிரிண்டர் டெம்ப்' என்று ஒரு கோப்பு. திறந்தால் இரண்டே வரி. கீழ் வரியில் பிளாக்லிஸ்ட். மேல் வரியில், என்ன எழுதினேன் என்று பின்னால் யாருக்காவது புரிய வேண்டுமே என்று நானே போட்ட குறிப்பு: 'தற்காலிகம், பிறகு எடுக்கவும்'.

அந்தக் கோப்பை அழித்தேன். அழித்த வேகத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் மனைவியும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கப் போவதில்லை, அந்த சிபியூவை இனி யாரும் திறக்கப் போவதில்லை. இருந்தும் கைரேகையைத் துடைக்கிறவன் மாதிரி அழித்தேன். அடுத்த நாள் அண்ணன் கடை வழியாகப் போகாமல் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போனேன். அப்படியே பழகிவிட்டது.

பிரச்சினை எனக்கு அறிவு போதாமையில் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கெர்னல் இத்தனை வகைக் கருவிகளை எப்படியோ சமாளிக்கிறது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது, அதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். நான் சரிபார்க்காமல் விட்டதற்குக் காரணம், சரிபார்த்தால் தப்பு என் பக்கம் வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன். என் கை பட்ட மெஷினில் என் கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். இலவசமாகச் செய்கிறவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் எனக்கு வசதியாக இருந்தது. காசு வாங்கியிருந்தால் அண்ணன் சட்டையைப் பிடித்திருப்பார். நான் டீயோடு நிறுத்திக்கொண்டதால் அவர் நஷ்டத்தையும் எனக்கு நன்றியையும் சேர்த்தே கொடுத்தார்.

இப்போது நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார் மெஷினில் எந்தக் கோப்பில் கை வைத்தேன் என்று எழுதி, அவர்களிடமும் ஒரு தாளில் கொடுத்துவிடுகிறேன். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, நான் கை வைக்காத ஒரு சிஸ்டத்தில் அந்தக் கருவி வருகிறதா என்று முதலில் பார்க்கிறேன். அதில் வந்து, போட்ட சிஸ்டத்தில் வரவில்லை என்றால், தேட வேண்டிய இடம் கம்பெனியின் தலைமையகம் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. இரட்டை பூட் லேப்டாப்பாக இருந்தால் விண்டோஸை முழுசாக ஷட்டவுன் செய்யச் சொல்கிறேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அரைத்தூக்கத்தில் விட்டுப்போன வைஃபை கார்டு லினக்ஸில் எழுந்திருக்காமல் படுத்தும். இதையெல்லாம் கற்றுக்கொண்டது நல்லதுதான். ஆனால் இதைக் காட்டி முந்தினதைக் கழித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

போன மாசம் அண்ணன் கடைக்குப் போனேன். கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனேன். மோட்புரோப், யூஎஸ்பிஎல்பி எல்லாம் சொல்லாமல், "அண்ணே, அந்த லேசர் பிரிண்டர் ஓடாததுக்கு நான்தான் காரணம். முன்னாடி நான் போட்டு வச்ச ஒரு வரி அதைத் தடுத்திருக்கு. பிரிண்டர் மேலயும் தப்பில்ல, கம்பெனி மேலயும் தப்பில்ல. ரொம்ப நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். சொல்லல" என்றேன்.

அவர் ஒரு ஆதார் கார்டை லேமினேஷன் மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அது வெளியே வரும் வரை பேசவில்லை. ஓரத்தைக் கத்தரித்தார்.

"அப்ப நான் அத ரெண்டாயிர ரூவா நஷ்டத்துக்குக் குடுத்தேனே?"

"ஆமாண்ணே."

"எதுத்த கடைக்கு ஆள அனுப்புனேனே, அதுல பாதிப் பேரு இன்னும் அங்கதான் போறானுங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாயிரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். வேண்டாம் தம்பி என்று சொல்லுவார் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். அவர் எடுத்து, எண்ணிப் பார்த்து, கல்லாவில் போட்டார்.